இடது மூக்கு

ஸ்கேன் அறைக்கு வெளியே
மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள்.
அது வலது பக்கம், நோய் இடது பக்கம் என்றேன்.
உலோகமே கூடாதாம்.
முப்பது வருடத்துத் திருகு
சோப்புப் போட்டும் அசையவில்லை.
கடைசியில் ஒரு தாதி ஊசி முனையால்
மரைக்குள்ளிருந்து சுரண்டி எடுத்தாள்,
சிவப்பாக, கடுகளவு.
அழுக்கு என்று டிஷ்யூவில் துடைத்துப் போட்டாள்.
எனக்குத் தெரியும்,
அது மெராந்தி.

முதலில் போனது வாசம்.
ரசம் பொங்கி அடுப்பு அணைந்து
வீடெல்லாம் காஸ் நிறைந்த அன்று
பக்கத்து வீட்டுச் சீனத்திதான் ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள்.
நான் அங்கேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒரு பக்கம் அடைத்தது.
பிறகு தலையணை உறையில்
தினமும் ஐம்பது காசு அகலத்துக்கு ரத்தம்.

கிளினிக்காரர் சைனஸ் என்றார்.
ஏழு மாதம் சொட்டு மருந்து.
வெற்றிலை உண்டா, சிகரெட் உண்டா,
வீட்டுக்காரர் பிடிப்பாரா,
எல்லாம் கேட்டார்.
என்ன வேலை என்று மட்டும் கேட்கவில்லை.

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர்தான்,
அதுவும் நான் எழுந்து கதவுவரை போன பிறகு,
"ஆன்ட்டி, கெர்ஜா அபா?"

உப்புத்தாள் வேலை.
சிம்பாங் அம்பாட்டில் நாற்காலித் தொழிற்சாலை.
எண்பது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
எண் ஏற ஏறத் தாள் மெலியும், தூளும் மெலியும்,
நாற்காலியின் கை குழந்தைக் கன்னமாகும்.
எண்பதின் தூள் கீழே விழும், பெருக்கிவிடலாம்.
இருநூற்று நாற்பதின் தூள் விழுவதே இல்லை.
வெயில் வரும் இடத்தில் நின்றுகொண்டே இருக்கும்.
அந்த வெயிலில்தான் சோற்றுப் பொட்டலம் பிரிப்போம்.

தூள் இழுக்கும் குழாய் இருந்தது.
பை நிறைந்து ஒரு நாள் நின்றது.
அப்புறம் கரண்டு பில் என்றார் தவுக்கே.
முகக்கவசமும் இருந்தது, அலமாரியில், பூட்டி.
அதிகாரிகள் வரும் காலையில் சாவி கிடைக்கும்.
அன்றைக்கு ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல்
சாயங்காலம்வரை சிரிப்போம்.

ரப்பர் பலகையும் தேய்த்திருக்கிறேன், டாக்டர்.
அதன் தூள் வெளுப்பு.
அப்பா பால் எடுத்த மரம்,
மிச்சம் என் பங்கு.

அவர் பேனாவை மூடினார்.
எத்தனை வருடம்?
இருபத்து மூன்று.
மரத்தூளால் இது வரலாம் என்று யாரும் சொன்னார்களா?
இருமல் வரும் என்றார்கள்,
வெல்லம் தின்றால் போகும் என்றார்கள்.
நிறைய வெல்லம் தின்றிருக்கிறேன்.

சொக்சோ படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
முதலாளியின் பெயர்.
கம்பெனி மூன்று முறை பெயர் மாற்றிக்கொண்டது.
நான் அதே ஸ்டூலில் இருந்தேன்.
சம்பளச் சீட்டு கடைசி நான்கு வருடத்துக்குத்தான் உண்டு.
மீதி பத்தொன்பது வருடத்துக்குச் சாட்சி வேண்டுமாம்.

கார்டு உள்ளே விடவில்லை.
பன்னிரண்டரை மணிக்குக் கம்பிக் கதவின் இடுக்கில்
தாளை நீட்டினேன்.
ரொஸ்னா மடியில் வைத்து எழுதினாள்,
நடுவில் இரண்டு முறை தும்மினாள்.
பேய் லிங் அடையாள அட்டை எண்ணோடு போட்டாள்.
செங்கமலம் போட்டாள், அவள் மருமகள் போட்டாள்.
சூப்பர்வைசர் சுகுமாரனுக்குத் திடீரென்று போன் வந்தது.
ருஹுல் பேனாவை வாங்கி,
பெர்மிட்டை நினைத்தான்போல, திருப்பிக் கொடுத்தான்.
ஓடிப்போய் ஒரு பொட்டலம் ஐஸ் காப்பி வாங்கிவந்து
அதே இடுக்கில் நீட்டினான்.
வாசமில்லாத காப்பி இனிப்பாக மட்டும் இருந்தது.
முழுதும் குடித்தேன்.

நான்கு கையெழுத்து.
நான்கு பேரின் விரலும் பட்ட இடமெல்லாம்
தாளில் செம்பழுப்பாக ஒரு மாவு.

கவுண்டரில் இருந்த பெண் தாளை வாங்கி
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்,
உதட்டைக் குவித்து
ஊதப் போனாள்.

ஊதாதீங்க, என்றேன்.
அதையும் சேர்த்து ஃபைல் போடுங்க.